பின்விளக்கு

செவ்வாயும் வியாழனும்
கைப்பேசி அடிக்குமுன்னே
தரையில் கச்சாங்கின் நகங்கள் கேட்கும்.
பதினைந்து வருடம்.
இந்த மார்ச்சிலிருந்து கேட்பதில்லை.
நானே எழுந்து போய்ப் பார்க்கிறேன்,
விலா ஏறி இறங்குகிறதா என்று.

கண்ணில் பால் படர்ந்துவிட்டது.
ஒரு நாள் கிண்ணத்தைத் தாண்டிப் போய்
செருப்பு அடுக்கை நக்கிக்கொண்டு நின்றான்.
சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றித்
தண்ணீருக்குப் பக்கத்தில் மினுக்கவிட்டேன்.
நாய்க்குச் சிவப்பு தெரியாது என்பார்கள்.
துடிப்பு தெரிந்தது போல.
வந்து குடித்தான், பாதியைச் சிந்தி.
விளக்கு அங்கேயே தங்கிவிட்டது.

ஐந்தேகாலுக்கு ஈஸ்ட் கோஸ்ட், உணவங்காடி வாசல்.
எட்டுப் பேர்.
பெய் ஷான் ஆறு மணிவரை யாருடனும் பேசமாட்டாள்.
ஹைருல் எல்லார் டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான்.
"பின்விளக்கு எங்கே?"
"வீட்டில். நாய்க்கு."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"எனக்கு இரண்டு இருக்கிறது.
என் முன்னால் ஓட்டு" என்றான்.
நாயைத் தொடாதவன்.
அதன்பிறகு வாரம் தவறாமல் கேட்பான்,
நேற்று சாப்பிட்டானா?

குழி வந்தால் முன்னால் போகிறவர்
கையைத் தாழ்த்திக் காட்டுவார்.
கை கையாகக் கடைசி ஆள்வரை அது போகும்.
இருட்டில் எங்களுக்கு அவ்வளவுதான் பாஷை.

அந்த வியாழனும் போனேன்.
போகாமல் இருந்திருந்தால்
அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சாங்கி கரையோரச் சாலை.
வேலிக்கு அப்பால் ஓடுபாதை,
தலைக்கு மேலே சக்கரம் விரித்து இறங்கும் விமானம்.
என் முறை. முன்னால் வந்தேன்.
இரண்டு நிமிடம் காற்றை வாங்கிக்கொண்டு
முழங்கையை அசைத்து விலக வேண்டும்.
விலகவில்லை.
முப்பத்தாறு. முப்பத்தொன்பது.
காற்று முழுக்க எனக்கே வேண்டும்போல் இருந்தது.
நாற்பத்திரண்டில் பெய் ஷான் கத்தினாள்:
"அறுந்துபோச்சு! பின்னால் யாருமே இல்லை!"

காலை ஊன்றி நின்றேன்.
ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், இருமிக்கொண்டு.
திட்டத்தான் வாய் திறந்தான் பூன் ஹெங்.
"பதினோரு மணிக்கு டாக்டர் வீட்டுக்கு வருகிறார்" என்றேன்.
ஹைருல் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.
என்னிடமும் இருந்தது. வாங்கிக் குடித்தேன்.
திரும்பும் வழியில் யாரும் என்னை முன்னால் விடவில்லை.

குளிக்கவில்லை.
சவாரி முடிந்த கெண்டைக்காலின் உப்பு
அவன் வாரச் சம்பளம்.
சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினேன்.
மோந்தான், கொஞ்சம் யோசித்தான்,
இரண்டு தடவை நக்கினான்.
மூன்றாவதற்கு நாக்கு வெளியே வந்து
அங்கேயே நின்றது, ஊசிக்கு முன்பே,
சும்மா களைப்பில்.

டாக்டர் லியாவ் முன்னங்காலில்
தபால்தலை அளவுக்கு முடி வழித்தார்.
தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.
பதினைந்து வருடத்தில் அவனிடம்
நான் பார்க்காத இடம் ஒன்று.

வண்டிக்காரர் பெயர் கேட்டார்.
கச்சாங், வேர்க்கடலை என்றேன்.
பால்மாவுப் பெட்டியில் வந்தபோது
அவ்வளவுதான் இருந்தான் என்றும் சொன்னேன்,
அவர் கேட்காமலே.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

வெள்ளி, வேலைக்குப் போகிறேன்.
பதினான்காம் மாடி. லிஃப்ட் திறந்தது.
தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கை
என் கை தாழ்ந்து காட்டியது.
உள்ளே பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
குனிந்து பார்த்தான்,
என்ன விழுந்தது என்று.

ஞாயிறு மாலை விளக்கின் பாட்டரி தீர்ந்தது.
சார்ஜ் போட்டேன்.
மறுபடி கிண்ணத்தருகே வைத்தேன்.

செவ்வாய், ஐந்தேகால்.
ஹைருல் என் டயரை அழுத்தினான்.
இருக்கைக்குக் கீழே வெறும் கம்பியைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப்
பின்னால் வந்தான், சாங்கிவரை.